பூசாத சுவர்

அன்று எங்கள் வீட்டுப் பின்புறத்தில் இருந்தவர்கள் நான், இடுப்பு முறிந்து நாற்காலியில் இருந்த என் வீட்டுக்காரர், கொத்தனார், எங்கள் நகரின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். செயலாளர் ஒல்லியானவர். பேசும்போது அளவு டேப்பை இழுத்து இழுத்துச் சுருளவிடுவார்.

வீட்டுக்காரர் படி ஏறாமல் போய்வர நாங்கள் கட்டிய கக்கூஸ், சங்க விதிப்படி காம்பவுண்டிலிருந்து மூன்றடி தள்ளியிருக்க வேண்டும். அரையடி குறைந்தது. நான் செயலாளரிடம் கேட்டேன்.

"இடிக்கணுமா அண்ணாச்சி?"

"முடிஞ்ச கட்டடத்தத்தான் தங்கச்சி சங்கம் அளக்கும்," என்றவர் கொத்தனாரிடம் திரும்பினார். "ஏலே, பூச்சு வேலைய விட்டுரு. பூசாத செவுரு முடியாத வேலைதான்."

"எம்புட்டு நாளைக்கு?" என்றார் கொத்தனார்.

"இவுக எந்திரிச்சு மாடிப்படி ஏறுற வரைக்கும்."

அவர் விதியைக் காத்தாரா, மீறினாரா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேலை முடிந்தது என்று எழுதிக் கொடுத்தால்தான் வேலை தொடங்குமுன் சங்கத்தில் நாங்கள் செலுத்திய டெபாசிட் திரும்ப வரும். நான் எழுதிக் கொடுக்கவில்லை. சங்கம் எங்களுக்கு இன்றும் தர வேண்டியது அந்த மூவாயிரம் ரூபாய்.