எல்லாருக்கும் ஆச்சு

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் மூத்தவர்கள் பலருக்கு அக்காவின் முகத்தைவிடக் குரல்தான் முதலில் பழக்கம். டிரங்க் கால் என்று ஒன்று இருந்த காலத்தில், திருநெல்வேலிக்கோ பம்பாய்க்கோ பேசக் காத்திருந்தவர்களிடம் "லைனிலேயே இருங்கள்" என்று சொன்ன குரல் அது. அக்கா எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது. அவருடைய மகன், என் மருமான், இந்தக் கட்டுரையை என்னிடம் ஒப்படைத்தான். நான் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் ஓய்வு பெற்றவன். நினைவுக் கட்டுரைக்கும் ஒரு முறை உண்டு என்று தெரியும்: பிறப்பு, கல்வி, பணி, மணம், குணம், மறைவு. அந்த வரிசையில்தான் தொடங்குகிறேன். நடுவில் வரிசை கெட்டால் அதற்கு அக்காதான் பொறுப்பு.

அக்கா மலையாளச் சீமையில், கரமனையில் பிறந்தார். அப்பா கோயில் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். அக்கா கல்லூரியில் இருந்தபோது அப்பா காலமானார். அக்கா படிப்பை நிறுத்திவிட்டுத் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் ஆனார். நான் படித்தது அந்தச் சம்பளத்தில்தான். பிறகு திருமணம். அத்திம்பேர் சாது, சீக்கிரமே போய்விட்டார். ஒற்றைப் பிள்ளையை அக்கா தனியாக வளர்த்தார். இவற்றையெல்லாம் அக்கா ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரி, ஆரியசாலை மொத்தக் கடைகள், பொன்முடி எஸ்டேட் பங்களா என்று எதன் நம்பரையும் டைரக்டரி பார்க்காமல் சொல்வார். ஊரே அவர் தலைக்குள் எண்களாக இருந்தது.

ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, ஒரு நாள் காலையில் ஸ்ட்ரோக் வந்தது. சில வாரங்களில் பேச்சு திரும்பியது. வலது கை ஏறக்குறையத் திரும்பியது. எண்கள் திரும்பவில்லை.

"தட்டுல எத்தனை இட்லி இருக்கு?" என்று கேட்டேன்.

அக்கா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இட்லி இருக்குடா. எத்தனைன்னா என்ன?"

ஆனால் பொன்முடி பங்களாவின் பழைய நம்பரைக் கேட்டால் கடகடவென்று சொன்னார். எனக்குக் குழப்பம். "இது மட்டும் எப்படி வரது?"

"அது பேர்டா. உன் பேர் எனக்கு மறந்துடுத்தா?"

மருமான் புனேயிலிருந்து வந்தான். "அம்மா, மாத்திரையை ஒண்ணுக்கு ரெண்டா போட்டுண்டா யார் பாக்கறது? என்னோட வந்துடு" என்றான். அவன் பயம் நியாயமானது. என் வீடு அடுத்த தெருவில்தான். ஆனால் என் மனைவி நோயாளி, நேரத்துக்கு நேரம் என்னால் போக முடியாது. "இந்தக் கரமனையை விட்டு நான் எங்கேயும் வரதா இல்லை, கேட்டியா" என்றார் அக்கா. கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மருமான் நவராத்திரிக்குத் திரும்பி வருவான். அதற்குள் மாத்திரையைத் தானே சரியாக எடுத்துக்கொள்ளத் தெரிந்தால் அக்கா இங்கே இருக்கலாம், இல்லையென்றால் புனே. அவன் நம்பிக்கையில்லாதவன், திரும்பிப் போக இரண்டு டிக்கெட்டாகவே போட்டு வைத்தான்.

எதற்கும் ஒரு நடைமுறை உண்டு என்று நம்பும் வர்க்கம் நான். ஒன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் வாங்கினேன். பாடத்திட்டம் தயாரித்தேன், அதில் பிரிவுகள், உட்பிரிவுகள், கால வரம்பு எல்லாம் இருந்தன. அக்காவுக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இளம்பெண்ணிடம் அதைக் காட்டினேன். அவர் மலையாளி, மரியாதையாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "சாரே, இது அம்மாவுக்கா, ஆடிட்டுக்கா?" என்றார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, "சாவகாசம் மதி, அம்மா, மெதுவாப் போதும். எல்லாருக்கும் மோர் கொடுக்கலாமா?" என்றார்.

அக்கா டம்ளர்களை எடுத்து வைக்க ஆரம்பித்தார். "இது உனக்கு. இது உன் ஆத்துக்காரிக்கு, கொண்டு போய்க் குடு. இது இந்தப் பொண்ணுக்கு. இது எனக்கு." வைத்து முடித்ததும் நிமிர்ந்தார். "எல்லாருக்கும் ஆச்சு."

"எத்தனை டம்ளர், அக்கா?"

"அதான் சொன்னேனே. எல்லாருக்கும் ஆச்சு." சொல்லிவிட்டு இன்னொரு டம்ளரையும் வைத்தார்.

"ஒண்ணு கூட இருக்கே" என்றேன். தணிக்கைக்காரன் வாய் சும்மா இருக்காது.

"இருக்கட்டும். யாராவது வருவா."

அன்று இரவு எனக்கு அது மனதை விட்டுப் போகவில்லை. எண்ணத் தெரிவதற்கு முன்பே மனிதனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்: ஆளுக்கு ஒன்று, யாரும் விட்டுப்போகவில்லை, ஒன்று மிச்சம். நான் வாழ்நாள் முழுவதும் செய்த கணக்குக்கு அடித்தளம் அதுதான். அதை நான் பார்த்ததே இல்லை.

பயிற்சிப் பெண் மறுநாள் அங்கிருந்தே பிடித்துக்கொண்டார். அக்கா அதேபோல வைத்த டம்ளர்களுக்கு எதிரே ஒவ்வொரு ஸ்பூனாக வைத்தார். இரண்டு வரிசையும் ஒன்றாக முடிந்தன. "ரெண்டும் ஒரே அளவு, அம்மா. இந்த அளவுக்குப் பேர் அஞ்சு."

அக்கா ஒரு டம்ளரைத் தொட்டார், ஒரு ஸ்பூனைத் தொட்டார். "அப்போ அஞ்சுங்கறது டம்ளர்ல இல்லை. ஸ்பூன்லேயும் இல்லை. பின்னே எங்கேடா இருக்கு?"

எங்கள் தணிக்கை விதித்தொகுப்பு எதிலும் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் எதுவும் தப்பவில்லை. மதில் மேல் காக்காய், கொடியில் புடவை, கூடையில் வெண்டைக்காய் எல்லாவற்றையும் எண்ணினார். ஒருமுறை எலுமிச்சம்பழங்களை இடமிருந்து எண்ணி, பிறகு வலமிருந்து எண்ணி, பிறகு எல்லாவற்றையும் கலைத்துவிட்டு எண்ணினார். ஒவ்வொரு தடவையும் ஏழு. "எப்படி எண்ணினாலும் அதேதான் வரதுடா" என்று சிரித்தார். "கொழந்தைகளுக்குச் சொல்லிக் குடுக்கறப்போ இதுக்கு யாரும் அசந்து போறதில்லையா?"

நான் அசந்து போகவில்லை, அந்த வயதில். எழுபதைத் தாண்டிய பிறகு, அக்காவின் சமையலறையில், ஏழு எலுமிச்சம்பழத்துக்கு முன்னால் அசந்து நின்றேன்.

நவராத்திரிக்கு மருமான் வந்தான். காலையில் அக்கா மாத்திரைப் பட்டையை எடுத்து, காபி டம்ளருக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று சொல்லி வைத்து, பட்டையை மடித்துவிட்டு, அவனைப் பார்த்தார். டாக்டர் எழுதியபடி ராத்திரி ஒன்று மட்டும். அதையும் சரியாகச் செய்தார். மறுநாளும் தப்பவில்லை. மருமான் படித்தவன், ஆஸ்பத்திரியில் கேட்கும் கேள்வி ஒன்றை எங்கோ தெரிந்துகொண்டு வந்திருந்தான்.

"அம்மா, நூறுலேர்ந்து ஏழு போனா எத்தனை?"

அது அவருக்கு வராது என்று எனக்குத் தெரியும். கண்ணால் அவனை அதட்டிப் பார்த்தேன், அவன் கவனிக்கவில்லை.

அக்கா அவனைப் பார்த்துச் சொன்னார்: "தெரியாதுடா. நூறு வரைக்கும் நான் இன்னும் போகலை. இருபதுகிட்ட நிக்கறேன். இங்கேயே பாக்கறதுக்கு நிறைய இருக்கு."

மருமான் எழுந்து வாசல் பக்கம் போனான். நானும் பின்னால் போனேன். அங்கே சொன்னான்: "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றா, மாமா. அப்படிப்பட்டவ மாத்திரையைத் தப்பாப் போட்டுக்க மாட்டா." பிறகு கேட்டான்: "ரெண்டு டிக்கெட்ல ஒண்ணை மட்டும் கேன்சல் பண்ண முடியுமா?"

முடியும். அதற்கு நடைமுறை உண்டு, எனக்குத் தெரியும். என் ஆயுளில் எந்த நடைமுறையையும் அவ்வளவு சந்தோஷமாக விளக்கியதில்லை. உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது: "ரெண்டுல ஒண்ணு போனா ஒண்ணு. நீ பத்திரமா போயிட்டு வா."

அதன் பிறகு சில ஆண்டுகள் அக்கா தம் வீட்டிலேயே இருந்தார். நூறு வரைக்கும் போனார். போகும் வழியில் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே போனார். கழித்தல் மட்டும் கடைசி வரை அவருக்குப் பிடிக்கவில்லை. போன வருடம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நாங்கள் போனபோது ராத்திரி மாத்திரை ஒன்று டம்ளருக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது.

பதிமூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு டம்ளர் வைக்கும் வேலை எனக்கு. எண்ணி வைக்கத்தான் நினைத்தேன். வாய் தானாகப் பெயர் சொல்ல ஆரம்பித்துவிட்டது: மருமானுக்கு, அவன் மனைவிக்கு, என் மனைவிக்கு, எனக்கு, அக்காவுக்கு. எல்லாரும் உட்கார்ந்த பிறகு ஒரு டம்ளர் தனியாக நின்றது. எனக்குக் கழிக்கத் தெரியும். பிழைப்பே அதில்தான் நடந்தது. ஆனால் அந்த டம்ளரை எடுக்கக் கை வரவில்லை. பாதிப் பந்தியில், வேலை முடிந்து மழையில் நனைந்தபடி பயிற்சிப் பெண் வந்து உட்கார்ந்தார். டம்ளர் அவருக்கு ஆயிற்று.

அந்தப் பெண்ணுக்கும், மருந்து எழுதிய டாக்டருக்கும், அக்கா ஏறினால் நிதானமாக வண்டியை எடுத்த கரமனை பஸ்காரர்களுக்கும், ராத்திரியில் குரல் கொடுத்துப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும், கடைசிக் காரியங்களை முறையாக நடத்தித் தந்தவர்களுக்கும், எங்கள் குடும்பத்தின் நன்றி. நன்றி சொல்ல வேண்டியவர்களை நான் எண்ணவில்லை. ஒவ்வொருவராக நினைத்து எழுதினேன். யாராவது விட்டுப்போயிருந்தால் வீட்டுக்கு வாருங்கள். ஒரு டம்ளர் கூடவே வைத்திருக்கிறோம்.