அண்ணனின் இரண்டு கதவு கார்

அண்ணனின் இரண்டு கதவு காரில் பின்சீட்டுக்குப் போய், முட்டி சிராய்க்காமல் இறங்கிய சொந்தக்காரர் இன்று அவர் படத்துக்கு மாலை போட வந்திருக்கும் உங்களில் யாராவது உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை. முன்சீட்டை மடித்து, குனிந்து, உள்ளே விழ வேண்டும். "தறிக்குழியில எறங்குற மாதிரி இருக்குதுப்பா" என்று சித்தப்பா புலம்பாத கல்யாணமே கிடையாது.

பிள்ளையார்பாளையத்தில் தறி வீட்டில் பிறந்த அண்ணன், பதினாறு வயதில் கார் பட்டறைக்குப் போனார். அப்பா இறந்த பிறகு என்னை இன்ஜினியரிங் வரை படிக்க வைத்தது அந்தப் பட்டறைதான். யாரோ கைவிட்ட காரை ஞாயிற்றுக்கிழமைகளில் தானே பிரித்துப் பூட்டி ஓட்டினார். அந்தக் கார் என்னைவிட வயதில் மூத்தது.

நான் வேலைக்குப் போனதும் நாலு சக்கரமும் இழுக்கும் புது எஸ்யூவி வாங்கினேன். சுற்றி வந்து பார்த்தவர், "இந்த ஊர்ல மலை எங்கடா இருக்குது?" என்று மட்டும் கேட்டார். ஏசி, கேமரா, உயரம், எல்லாவற்றிலும் என் வண்டிதான் ஜெயித்தது. ஆனால் அவர் காரில் அவர் டிரைவர். என் வண்டியில் நோயாளி.

கிட்னி போன பிறகு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒன்றரை வருடம். அம்மாவும் நானும் களைத்துப்போனோம். அவரோ தானே ஓட்டிப் போய், தானே ஓட்டி வருவார். ஒருநாள் திரும்பும்போது தலை சுற்றி, ஓரிக்கை அருகே கார் சாலையை விட்டு இறங்கிவிட்டது. சாவியைக் கேட்டேன். தரவில்லை.

அடுத்த டயாலிசிஸ் நாள் காலையில், அவர் குளித்துக்கொண்டிருந்தபோது பேட்டரி வயரைக் கழற்றிவிட்டேன். கார் ரிப்பேர் என்று உங்களிடம் சொன்னதெல்லாம் பொய்.

கார் ஸ்டார்ட் ஆகாததால் அண்ணன் பானெட்டைத் திறந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இருபது வருட மெக்கானிக். மெதுவாக மூடிவிட்டு அம்மாவிடம், "அதுக்கு வயசாயிடுச்சிமா. இனிமே தம்பி வண்டியிலயே போயிடலாம்" என்றார். பிறகு என்னிடம், "முக்காலி எடுத்தாடா. தேர்ல ஏறணும்."

கடைசி வரை அதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

டயாலிசிஸ் வார்டு சிஸ்டர்கள், முக்காலி கொடுத்த எதிர்வீட்டு அக்கா, அண்ணனைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்ட பட்டறை நண்பர்கள், உங்கள் எல்லோருக்கும் நன்றி. நீங்கள் இல்லாமல் அந்த நாட்களை நாங்கள் தாண்டியிருக்க மாட்டோம்.

அவர் கார் வாசலில்தான் நிற்கிறது. வயரை இன்னும் மாட்டவில்லை.