நான் மாற்றி வாசித்த வரி

மட்டக்களப்பு நகரத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை பழைய படங்களைப் போட்டுக் காட்டும் சிறிய வட்டம் ஒன்று இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் அதை நடத்துகிறார். முப்பது பேர் வந்தாலே பெரிய கூட்டம். இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள் அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். அடுத்த மாதம் ஒரு பேசாப் படம் காட்டப்போவதாகவும், இடையிடையே திரையில் வரும் ஆங்கில வரிகளைத் தமிழில் வாசிக்க ஒருவர் வேண்டும் என்றும் சொன்னார். நான் அரசாங்க மொழிபெயர்ப்பாளன். சுற்றறிக்கைகளையும் காணி அறிவித்தல்களையும் தமிழாக்கியே தலை நரைத்தவன். சினிமா என்றதும் ஆசை வந்தது. உடனே ஒத்துக்கொண்டேன்.

படத்தை ஒரு பென் டிரைவில் தந்துவிட்டுப் போனார். செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து முதல் தடவை பார்த்தேன். பனி கொட்டும் ஏதோ ஒரு ஐரோப்பிய நகரம். ஒரு கடிகாரக்காரனும் அவன் மனைவியும். அவளுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஊருக்கு வந்த நாடகக் குழுவில் பாடும் ஒருத்தியிடம் கடிகாரக்காரன் மனதைப் பறிகொடுக்கிறான். குழு அடுத்த ஊருக்குப் போன பிறகு அவளுக்குக் கடிதம் எழுதத் தொடங்குகிறான். கடையை விட்டு நகர முடியாதவன் என்பதால், கடிதங்களைத் தபாலில் போட மனைவியையே அனுப்புகிறான்.

ஒரு காட்சியில் மழை பெய்கிறது. அவள் கடிதத்தைத் தன் சால்வைக்குள் வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கிறாள். தலை நனைகிறது, தோள் நனைகிறது. கமரா அவளுக்குப் பின்னாலேயே நின்று, தெருமுனை வரை அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தபாற்பெட்டிக்கு முன்னால் நின்று அவள் கடிதத்தை வெளியே எடுக்கிறாள். நனையவில்லை என்று கண்டதும் சிரிக்கிறாள். அவ்வளவுதான் காட்சி. ஒரு சொல் கிடையாது. பேசும் படங்களில் இதைச் செய்திருந்தால் வயலினை அழவிட்டிருப்பார்கள். இதில் அவள் முதுகு மட்டும்தான் இருந்தது, அது போதுமாக இருந்தது.

நான் படத்தை நிறுத்திவிட்டேன். மனைவி குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்ன, முடிஞ்சுதா என்று கேட்டாள். இல்லை, கண் எரிகிறது என்று சொன்னேன்.

அதற்கு நான்கு வருடங்களுக்கு முன் திருகோணமலையில் மொழிபெயர்ப்பாளர்களுக்கான ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே வேறு மாவட்டத்திலிருந்து வந்த ஒரு பெண்ணோடு பழக்கம் ஏற்பட்டது. ஊருக்குத் திரும்பிய பிறகு, ஒரு சட்டச் சொல்லுக்குத் தமிழ் என்ன என்று கேட்டு அவள் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள். பதில் போட்டேன். சொற்களில் தொடங்கியது மெல்ல மெல்ல வேறு பக்கம் திரும்பியது. ஏழு மாதம் நடந்தது. அந்த ஏழு மாதமும் நான் கிணற்றடியில் நின்றாலும் வேலியோரம் நின்றாலும், போன் சத்தம் கேட்டால் என் மனைவிதான் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அதை எடுத்து வந்து தருவாள். கந்தோர் வேலை போலிருக்கு, அவசரமாக்கும் என்று சொல்லித் தருவாள். ஒருநாளும் அதைத் திறந்து பார்த்ததில்லை.

அந்தப் பெண்ணைத் தொட்டதில்லை, தனியே சந்தித்ததும் இல்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். அதை நிறுத்தியதும் நானல்ல. இனி வேண்டாம், எங்கள் இரண்டு பேருக்கும் குடும்பம் இருக்கிறது என்று அவள்தான் ஒருநாள் எழுதினாள். நல்ல புத்தி அவளுக்கு வந்தது. எனக்கு வந்தது சில நாள் கோபம் மட்டுமே.

படத்துக்குத் திரும்பி வருகிறேன். நாற்பது சொச்சம் வரிகள் இருந்தன. ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தமிழாக்கினேன். கடைசிப் பகுதியில் கடிகாரக்காரன் மனைவிக்கு முன்னால் முழங்காலில் நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். அங்கே வருவது ஒரே வரிதான்: ‘அவளுக்கு நான் எழுதிய கடிதங்களையெல்லாம் நீதான் கொண்டுபோய்ப் போட்டாய்.’ அதைச் சரியாகவே எழுதி வைத்தேன். மொழிபெயர்ப்பாளனுக்கு எந்த வரியையும் தன்னுடையது இல்லை என்று நினைக்கப் பழக்கம் உண்டு.

சனிக்கிழமை காலை, நானும் வாறன் என்று மனைவி சொன்னாள். அவள் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள், சனிக்கிழமை விடுமுறை. நீங்க வாசிக்கிறத ஒருநாளும் கேட்டதில்லையே என்றாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பாடசாலை விழாவுக்கென்று எடுத்த சேலையை உடுத்திக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து, வாசிக்கும்போது அவசரப்பட வேண்டாம் என்று எனக்குப் புத்தி சொன்னாள்.

மாலை நான்கு மணிக்குப் படம் தொடங்கியது. நான் திரைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில், கையில் தாள்களோடு இருந்தேன். அவள் இரண்டாவது வரிசையில் இருந்தாள். திரை வெளிச்சத்தில் அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. மழைக் காட்சியில் தன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். திரையில் அந்தப் பெண் கொண்டுபோவது என்ன என்று அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். என் மனைவிக்கும் தெரியும். அவள் உதடு அசைவதைக் கண்டேன். பாவம் என்று சொல்லியிருப்பாள்.

அந்த வரி வந்தது. தாளைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். வாய் வேறொன்றைச் சொன்னது: “எனக்குக் களைத்துப் போய்விட்டது. இந்த ஊரில் இனி என்னால் இருக்க முடியாது.”

திரையில் அந்த நடிகையின் முகம் மட்டும், கிட்டத்தட்ட ஒரு நிமிடம் அப்படியே நின்றது. பிறகு அவள் ரயிலேறித் தாய்வீட்டுக்குப் போகிறாள். அடுத்த பனிக்காலத்தில் ஒருநாள் காலை, கடைக் கதவை அவளே திறந்துகொண்டிருக்கிறாள். ஏன் திரும்பி வந்தாள் என்று படம் சொல்லவில்லை. படம் முடிந்ததும் அதைப் பற்றித்தான் எல்லோரும் கதைத்தார்கள். ஆசிரியர் புரஜெக்டரைக் கழற்றியபடி என்னைப் பார்த்தார். என்னைத் தவிர அங்கே ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பிறகு வயரைச் சுற்றத் தொடங்கினார்.

கல்லடிப் பாலம் வரை நடந்து போய் அங்கே பஸ் எடுப்போம் என்று மனைவி சொன்னாள். வெயில் தாழ்ந்துவிட்டது. வாவியில் இரண்டு தோணிகள் நின்றன. பாலத்தின் பாதிக்கு வந்ததும் அவள் நின்றாள். பிறகு கேட்டாள்.

“அந்த மனிசன் முழங்காலில நிண்டு சொன்ன இடம். நீங்க வாசிச்சது சரிதானா?”

“ஏன் கேக்கிற?”

“களைச்சுப் போனன் எண்டு சொன்னா ஒரு பொம்பிள அப்பிடிப் பாக்க மாட்டாள். அவள் முதல்ல அவன்ட முகத்தப் பாக்கல்ல. தன்ட கையத்தான் பாத்தாள். அந்தக் கையப் பத்தித்தான் அவன் ஏதோ சொல்லியிருக்கணும்.”

நான் எத்தனையோ தடவை அந்தக் காட்சியைப் பார்த்திருந்தேன். அவள் கையைப் பார்ப்பதை நான் கவனிக்கவே இல்லை. வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரியான வரியைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். அப்ப ஏன் மாத்தினீங்க என்று கேட்டாள். கோபமில்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தாள் மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பாள். பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். திருகோணமலை, குறுஞ்செய்திகள், ஏழு மாதம். போனை அவள் கொண்டுவந்து தந்ததையும் சொன்னேன். ஒருநாளும் தொட்டதில்லை என்று சொன்னபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அத நான் கேக்கல்ல. என்னப் பத்தி அவக்கு என்ன சொன்னீங்க?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை. பாலம் முடியுமிடத்தில் பஸ் வந்தது. அவள் பின் சீட்டில் போய் இருந்தாள், நான் முன்னால் நின்றேன். காத்தான்குடி தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் அழவில்லை.

படத்தில் அவள் ரயிலேறிப் போனாள். என் மனைவி எங்கும் போகவில்லை. சமைத்தாள், பாடசாலைக்குப் போனாள், சித்தாண்டிக் கோயில் திருவிழாவுக்கு என்னோடுதான் வந்தாள். அங்கே அவளுடைய தங்கை வீட்டில் எல்லோருக்கும் முன்னால் வழமைபோல என் தட்டில் சோறு போட்டாள். வீட்டில் தேவைக்குமேல் ஒரு சொல் பேசவில்லை. அவள் கத்தியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அப்படி ஒரு சந்தர்ப்பத்தை அவள் எனக்குத் தரவில்லை.

திருவிழா முடிந்து சில வாரம் கழித்து, ஒரு பின்னேரம் பிளேன்டீயை மேசையில் வைத்துவிட்டு எனக்கு எதிரே இருந்தாள். நான் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லேல்ல என்றாள்.

இந்த முறை மாற்றாமல் சொன்னேன். என் மனைவி நல்லவள், ஆனால் அவளோடு எதையும் கதைக்க முடியாது, ஒரு புத்தகத்தையோ படத்தையோ பற்றிச் சொன்னால் விளங்காது என்று அந்தப் பெண்ணுக்கு எழுதியிருந்தேன். ஒரு தடவையல்ல. அந்தப் பெண்ணுக்கு என்மேல் இரக்கம் வரட்டும் என்று பல தடவை எழுதினேன்.

மனைவி கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, அதன் விளிம்பை விரலால் துடைத்தாள்.

“உண்மையெண்டு நினைச்சா எழுதினீங்க?”

“அப்ப நினைச்சன்.”

“எப்பவாவது எனக்கிட்டக் கதைச்சுப் பாத்தீங்களா?”

இல்லை என்றேன். அன்றுதான் அவள் அழுதாள். அந்த ஏழு மாதத்துக்காக அழவில்லை, இதற்காகத்தான் அழுதாள். பக்கத்தில் போக எழுந்தேன். இருங்க என்றாள். இருந்தேன்.

இப்போது நாங்கள் கதைக்கிறோம். முன்பு போலவா என்று கேட்டால், முன்பு நாங்கள் அதிகம் கதைத்ததே இல்லை. ஆசிரியர் அடுத்த பேசாப் படத்துக்கு என்னைக் கூப்பிட்டபோது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு வந்தவர்களில் யாரும் அந்த ஆங்கில வரியை இன்றுவரை என்னிடம் கேட்கவில்லை. என் குரலை நம்பி வீட்டுக்குப் போனவர்கள் அவர்கள். அந்தக் கடிகாரக்காரன் செய்ததை ஒப்புக்கொண்டவன் என்பதையே நான் அவர்களிடமிருந்து மறைத்துவிட்டேன்.

மனைவி மட்டும் மாதாமாதம் அங்கே போகிறாள். பாடசாலையில் படிப்பிக்கும் இன்னொரு ஆசிரியையோடு போய், பஸ்ஸில் திரும்பி வருகிறாள். வந்ததும் சேலை மாற்றாமலே கதிரையில் இருந்து கதையைச் சொல்வாள். யார் எந்தப் பக்கம் பார்த்தார்கள், எப்போது கதவைச் சாத்தினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். சில நாட்களில் பாதியில் நிறுத்திவிட்டு, உங்களுக்கு இது விளங்குதா என்று கேட்பாள். அவள் வேண்டுமென்று கேட்கிறாளா, சும்மா கேட்கிறாளா என்று எனக்குத் தெரிவதில்லை. ஓம் என்பேன்.