கல்லுக்கடியில் ஒரு பிடி மண்

என் வீட்டுக்காரர் வருஷத்தில் ஒரே ஒரு நாள் மீன் பிடிக்கப் போவார். ஐப்பசியில், அணைத் தண்ணீர் நிரம்பி நிற்கும்போது, விடிவதற்கு முன்பே பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மலைச்சரிவில் இறங்குவார். உச்சிவேளைக்கு வெறுங்கையோடு திரும்பி வருவார். கல்யாணமான முதல் வருஷம் நான் அம்மியில் மிளகாயும் மல்லியும் அரைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். இரண்டாம் வருஷம் அந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்யவில்லை.

"மீனெல்லாம் உங்களப் பாத்தா ஒளிஞ்சுக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா புள்ள, ஒளிஞ்சுக்குது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். சண்டைக்கு இழுத்தாலும் வராத மனிதர். எனக்கோ வாய் கொஞ்சம் நீளம்.

நான் இண்டூர்ப் பக்கம் பிறந்தவள். கேழ்வரகும் அவரையும் விளைகிற மேட்டுக்காட்டில், கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் தெரியாமல் வளர்ந்தவள். பென்னாகரத்துக்கு மேற்கே மலைகளுக்கு நடுவில் தேங்கிக் கிடந்த அந்தப் பெருந்தண்ணீரைக் கல்யாணத்தன்றுதான் முதலில் பார்த்தேன். அதற்கடியில் ஒரு ஊர் இருக்கிறது, அதுதான் எங்கள் ஊர் என்றார்கள். மேட்டூரில் அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது, ஆற்றோரம் இருந்தவர்கள் சரிவுக்கு மேலே வந்து புதிதாகக் குடிசை போட்டிருந்தார்கள்.

நான் இளையதாரம். மூத்தவள் காய்ச்சலில், பிள்ளை பெறாமலே போய்ச் சேர்ந்திருந்தாள். பழைய ஊரின் ஆற்றங்கரைச் சரிவில் அவளைப் புதைத்திருந்தார்கள். அவள் தாலியில் இருந்த பொன்மணி ஒன்றை என் மாமியார் என் தாலியில் கோத்துத்தான் போட்டுவிட்டார். அதனால் அவளை எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. குனிந்து கூட்டும்போதெல்லாம் அவள் என் நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தாள்.

ஊரைக் காலி செய்தபோது ஒவ்வொரு குடும்பமும் தங்கள் சாமி இருந்த இடத்திலிருந்தும், இறந்தவர்களைப் புதைத்த இடத்திலிருந்தும் ஒரு பிடி மண் எடுத்து வந்தது. பிடிமண் என்பார்கள். புதிய வீட்டுக் கொல்லையில் அந்த மண்ணை வைத்து, அதன்மேல் ஒரு கல் நட்டு, வருஷத்துக்கு ஒருமுறை படைப்பார்கள். மண் வந்தால் ஆளும் கூடவே வந்துவிட்டதாகக் கணக்கு. எங்கள் கொல்லையிலும் மூத்தவளுக்கு ஒரு கல் இருந்தது. அதற்கு அடியில்தான் மண் இல்லை. என் வீட்டுக்காரர் மண் எடுக்கப் போய், எடுக்காமலே திரும்பி வந்தாராம். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. அந்த ஆடியிலேயே தண்ணீர் ஏறிவிட்டது.

எனக்கு முதலில் பிறந்தது அழவே இல்லை. இரண்டாவது அழுதது, பால் குடித்தது, வாசலில் தெளித்த சாணித்தண்ணீர் காய்கிற மாதிரி ஒரு வாரத்துக்குள் காய்ந்துபோனது. தண்ணீர்த் துறையில் பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். மாற்றுவதற்கு முன் பேசியது என் காதில் விழுந்துதான் இருந்தது. மண்ணில்லாத கல்லுக்குப் படைத்தால் அவள் எப்படி வந்து சாப்பிடுவாள், பசியோடு நிற்கிறாள், அதனால்தான் இந்த வீட்டில் பிள்ளை தங்கவில்லை என்றார்கள். மாமியாரும் அதையேதான் நினைத்தார். நானும் நினைத்தேன். மூன்றாவதாக வயிற்றில் வந்தபோது, இந்தப் பிள்ளையாவது இருக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே எனக்கு இல்லை.

அந்த ஐப்பசியில் அவர் கிளம்பியபோது நானும் எழுந்து கொண்டையை முடிந்தேன்.

"மாசமா இருக்கறவ தண்ணி மேல போவாளா ஆத்தா?" என்றார் மாமியார்.

"வூட்டுல ஒக்காந்து மட்டும் என்னத்தக் காப்பாத்துனேனுங்க அத்த?" என்றேன்.

பரிசலில் உட்கார்ந்ததும் எனக்குத் தலை சுற்றியது. வட்டமான அந்தத் தோல் ஓடத்துக்கு முன் எது, பின் எது என்று தெரியவில்லை. அவர் துடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றிப் போட, அது தன் இஷ்டத்துக்கு நடந்தது. மலைகள் இடுப்புவரை பனிமூட்டத்தில் நின்றன. முழுகிப்போன மரங்களின் மொட்டைக் கிளைகள் அங்கங்கே தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நீர்க்காக்கை இறக்கையை விரித்துக் காயப்போட்டிருந்தது. குளிர் எலும்புவரை இறங்கியது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கொஞ்ச தூரம் போனதும் கேழ்வரகு மாவு உருண்டையைத் தூண்டில் முள்ளில் குத்தி, மூங்கில் கழியை என் கையில் கொடுத்தார்.

"அந்த நெட்டித் துண்டு மெதக்குது பாரு. அது முழுகுனா இழு. பேசாம இருக்கோணும்."

பேசாமல் இருப்பது எனக்கு எத்தனை கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் இருந்தேன். வெயில் எதிர்மலையின் தலையில் பட்டு மெல்லக் கீழே இறங்கியது. பனி விலகியது. நெட்டித் துண்டு அசையவே இல்லை. அவர் மீனைப் பற்றிக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. எதிர்மலையில் இருந்த மொட்டைப் பாறையையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, பரிசலைக் கொஞ்சம் தள்ளுவார், நிறுத்துவார், மறுபடி தள்ளுவார். முகம் வாடிக்கொண்டே வந்தது.

"என்னத்தத் தேடறீங்க?"

"இங்க ஒரு பனை இருந்துது. போன வருசங்கூடத் தல தெரிஞ்சுது. இப்பக் காணம்."

அந்த நேரம் பார்த்து நெட்டித் துண்டு முழுகியது. நான் இழுத்த இழுப்பில் பரிசலே ஆடிப்போனது. கையளவுக்குப் பெரிய கெண்டை ஒன்று என் மடியில் வந்து விழுந்து துள்ளியது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பாத்தீங்களா! எனக்கு ஒளியல. உங்களக் கண்டாத்தான் ஆவல!"

அவர் சிரிக்கவில்லையே என்று திரும்பிப் பார்த்தேன். பரிசலின் மறுபக்கம் குனிந்து, கிணற்றுக் கயிறு போல் ஒரு நீளக் கயிற்றைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார். கயிற்றின் நுனியில் முள் இல்லை. ஒரு சின்னச் செம்பு கட்டியிருந்தது, அதனோடு ஒரு இரும்புத் துண்டு. மூத்தவள் சீராகக் கொண்டுவந்த செம்பு. நான் கை வைக்காமல் பரணில் வைத்திருந்தது.

கயிறு போய்க்கொண்டே இருந்தது. ஒரு இடத்தில் தளர்ந்தது. அவர் பரிசலை லேசாகத் தள்ளி, செம்பு அடியில் உருண்டு இழுபடும்படி செய்து, பிறகு மெல்ல மெல்ல மேலே இழுத்தார். செம்பு நிறையச் சாம்பல் நிறச் சேறு. இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இதுங்களா நீங்க புடிக்கற மீனு?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

அவர் செம்பை மடியில் வைத்துக்கொண்டார். கெண்டை என் காலடியில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் மண்ணு எடுத்தாங்க. நானும் போனேன். குனிஞ்சு கைய வெச்சேன். கைய வெச்சதும் அவளத் தோண்டற மாதிரி இருந்துது. என்னால ஆவல, வந்துட்டேன். தண்ணி வந்த பொறவுதான் தெரிஞ்சுது, அவள மட்டும் அங்கியே உட்டுட்டு வந்துட்டமுன்னு."

"இது அந்த மண்ணுதானுங்களா?"

"இல்ல புள்ள. இது ஆத்துல வந்த வண்டலு. குடகுல இருந்து வந்துருக்கும். அவ மண்ணு இதுக்கும் கீழ கெடக்குது. ஒவ்வொரு வருசமும் இதுதான் வருது. ஊத்திட்டு வந்தர்றேன்."

செம்பைக் கவிழ்க்கப் போனார். எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்ததோ, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு புள்ளையக் குடுத்துட்டேன். அப்பவும் ஊத்திட்டுத்தான் வந்தீங்களா? இங்க குடுங்க."

"பனையே காணம். எடம் இதுதானான்னே தெரியல."

"எனக்குத் தெரியும். இதேதான்."

எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. இண்டூர்க்காரிக்குத் தண்ணீருக்கடியில் யார் எங்கே கிடக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? ஆனால் அந்தச் சேற்றை அள்ளி, தண்ணீரை வடித்து, முந்தானையில் முடிந்துகொண்டேன். சேலை வழியாக அதன் குளிர்ச்சி என் வயிற்றில் பட்டது. அவர் என்னையே பார்த்தார். பிறகு துடுப்பை எடுத்தார்.

அன்றே கல்லைப் பெயர்த்து, அடியில் மண்ணை வைத்து நட்டோம். புளி கரைத்துக் கெண்டையைக் குழம்பு வைத்து, களியோடு படைத்தேன். மூத்தவளுக்குக் கெண்டை என்றால் உயிராம். மாமியார் அன்றைக்குத்தான் அதைச் சொன்னார்.

மாசியில் பெண் பிறந்தாள். அழுதாள், பால் குடித்தாள், தங்கினாள். மூத்தவள் பெயரையே வைத்தோம். யுத்த காலத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காது, ஆமணக்கெண்ணெய் ஊற்றித்தான் விளக்கு. அந்த விளக்கை அணைத்தால் போதும், குழந்தை எழுந்து என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். இருட்டு என்றால் அவளுக்கு அத்தனை பயம். தாலியில் இருந்த பொன்மணியைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். அவளுக்காக ஒரு திரி எப்போதும் எரியும். எண்ணெய் வீணாகிறது என்று மாமியார்கூட ஒரு நாளும் சொன்னதில்லை.

பள்ளிக்கூடம் போகிற வயது வருவதற்குள் அம்மை வார்த்தது. வேப்பிலைப் படுக்கையில் கிடந்து, தண்ணீர் கேட்டுக் கேட்டு, ஒரு சாயங்காலம் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஊருக்கு மேலே, கல்லும் முள்ளுமான சரிவில் புதைத்தோம். அந்த வருஷம் கொல்லைக் கல்லுக்கு நான் படைக்கவில்லை. ஒரு பூக்கூட வைக்கவில்லை. மாமியார் கெஞ்சியும் வைக்கவில்லை. அந்த ஐப்பசியில் அவரும் பரிசலை எடுக்கவில்லை.

சுதந்திரம் வந்த பிறகு ஒரு வருஷம் மழை பொய்த்தது. கோடையில் அணைத் தண்ணீர் இறங்கிக்கொண்டே போய், கடைசியில் பழைய ஆறு மட்டும் ஓடியது. பழைய ஊர் வெளியே வந்துவிட்டது என்று ஊரே இறங்கிப் போனது. நாங்களும் போனோம். அவர் அந்தச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டார். சேறு காய்ந்து வெடித்துக் கிடந்தது. பனைமரம் அடியோடு முறிந்து கிடந்தது. அவர் யாரையும் கேட்காமல், எங்கும் நின்று பார்க்காமல், நேராக நடந்து ஒரு சின்னக் கற்குவியலின் முன் போய் நின்றார்.

நான் எதிர்மலைப் பாறையைப் பார்த்தேன். அன்று பரிசலில் பார்த்தபோது அது இப்படி நேராக நிற்கவில்லை.

"நாம மண்ணு எடுத்தது எங்கீங்க?"

தூரத்தில் கையைக் காட்டினார். இடிந்த சுவர் ஒன்று தெரிந்தது. யாருடையதோ மாட்டுத் தொழுவம்.

"அன்னிக்கே தெரியுமுங்களா?"

"துடுப்ப எடுக்கறப்பத்தான் பாத்தேன். பாறை தள்ளி நின்னுது."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நீதான் முந்தானையில முடிஞ்சுக்கிட்டியே புள்ள."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் குனிந்து, கற்களுக்கு நடுவில் காய்ந்த வண்டலைக் கையால் பெயர்த்தார். அதற்கடியில் செம்மண் தெரிந்தது. அத்தனை வருஷமாகத் தேடிய மண். செம்பைப் பக்கத்தில் வைத்தார். மண்ணில் கையை வைத்தார்.

"வேண்டாமுங்க. எடுக்காதீங்க" என்றேன்.

என் முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். விடியற்காலையிலேயே மேலே போய், குழந்தையைப் புதைத்த இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து முடிந்து வைத்திருந்தேன். அவருக்குச் சொல்லவில்லை. அதை அந்தச் செம்மண் குழியில் போட்டு, வண்டலைத் தள்ளி மூடி, மேலே கற்களை எடுத்து வைத்தேன். அவரும் ஒரு கல் எடுத்து வைத்தார். அப்போதுதான் நான் முதன்முதலாக அவளோடு பேசினேன்.

"அக்கா, புள்ள இருட்டுன்னா பயந்துக்கும். கிட்டவே வெச்சுக்கோ."

ஆடியில் தண்ணீர் ஏறியது. ஐப்பசியில் நிரம்பியது. நாங்கள் இரண்டு பேரும் விடிவதற்கு முன் பரிசலில் போய், எதிர்மலைப் பாறை நேராக வந்த இடத்தில், வெயில் ஏறும்வரை சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினோம். தூண்டிலும் இல்லை, செம்பும் இல்லை. புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண் கரையில் குடத்தோடு நின்று சிரித்தாள்.

"ஏனுங்கக்கா, ரெண்டு பேரு போயும் ஒரு மீனுங் கெடைக்கலீங்களா?"

"இல்ல ஆத்தா" என்றேன். "ஒளிஞ்சுக்குது."