நாலு விரல் மீதி

சுரங்க ஊரான பாலகாட்டில் ரிச்சர்டின் துப்பாக்கியைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. குழல் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டு, கம்பியால் கெட்டித்துச் சுடுகிற மலிவுச் சாமான். கட்டையில் விரிசல், அதைச் சுற்றிச் செம்புக் கம்பி. பெங்களூரிலிருந்து வரும்போதெல்லாம் மகன் ஷெர்வின், "பழைய இரும்புக்குக்கூட போவாதுப்பா" என்பான்.

"முப்பது கெஜத்துக்குள்ள நில்லு, காட்றேன்" என்பார் ரிச்சர்ட்.

பொய்யில்லை. முப்பது கெஜம் வரை குண்டு நேராகப் போகும். தாண்டினால் ஒரு ஜாண் இடது பக்கம் தள்ளும். அந்த ஒரு ஜாணையும் மனசில் வைத்துத்தான் கேழ்வரகுக் கொல்லையில் இறங்கிய பன்றிகளை ஒன்பது வருஷம் விரட்டினார். விலை கூடின துப்பாக்கி வைத்திருந்த பக்கத்து நிலத்து மனோகர்கூடப் பன்றி வந்தால் இவரைத்தான் கூப்பிடுவார்.

ஆனால் குறி பார்க்க மூச்சைப் பிடிக்க வேண்டும். சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் டிரில் பிடித்தவர். நுரையீரல் முழுக்கக் கல்தூசு. இரண்டு வருஷமாக நாற்காலியிலேயே தூக்கம், மூக்கில் ஆக்சிஜன் குழாய். துப்பாக்கி கட்டிலடியில் கிடந்தது.

தேர்தல் அறிவித்ததும், லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது. திங்கட்கிழமை ஆண்டர்சன்பேட்டைக்குக் கொண்டுபோவதாக அவர் மனைவி ஆனி சொன்னாள்.

ஞாயிறு காலை ரிச்சர்ட், "சர்ச்சுக்குப் போய்ட்டு வா" என்றார்.

"உங்கள தனியா வுட்டுட்டா?"

"ஆறு மாசமா போவல. பாஸ்டர் இன்னா நெனப்பாரு? நா எங்க ஓடிடப் போறேன்?"

"ஓடுற ஆளப் பாரு."

"போறதுக்கு முன்னாடி துப்பாக்கிய எடுத்துக் குடு. துருவோட குடுத்தா ஸ்டேஷன்ல சிரிப்பானுங்க. எண்ணெ போட்டு வெக்கிறேன். காலிதான்."

ஆஸ்பத்திரி வார்டில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்தவள் ஆனி. நோயாளி திடீரென்று அடுத்தவர் சௌகரியம் பேச ஆரம்பித்தால், கட்டிலைச் சுற்றி ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்பது அவளுக்குப் பழக்கம்.

துப்பாக்கியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்க் கம்பியைக் குழலுக்குள் விட்டாள். கம்பியில் ஒரு வெட்டுக்கோடு உண்டு. குழல் காலியென்றால் கோடு வாயோடு வாயாக நிற்கும். தெரியாமல் யாரும் தொட்டுவிடக் கூடாதென்று ரிச்சர்டே போட்டு, அவளுக்கும் சொல்லிக்கொடுத்த கோடு.

கோடு நாலு விரல் மேலே நின்றது.

செவ்வாய்க்கிழமை அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அப்போதுதான் கெட்டித்திருக்க வேண்டும். அந்த மனுஷன் நடுவில் எத்தனை தடவை மூச்சுக்கு நின்றாரோ, முடிப்பதற்குள் அவள் திரும்பியிருப்பாள்.

சுரங்கத்தில் மருந்து வைத்தும் வெடிக்காமல் நின்ற ஓட்டையைத் தோண்டக் கூடாது, தண்ணீர் விட்டுத்தான் சாகடிக்க வேண்டும் என்று அவர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஆனி புனல் வைத்து ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள். மருந்து ஊறும்வரை சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கருப்பாகச் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"எண்ணெ போடுங்க."

ரிச்சர்ட் ஈரத்தைத் தடவிப் பார்த்தார்.

"இருந்ததே ஒரு வேட்டுக்கு மருந்துதான்."

"கோடு நாலு விரல் மேல நிக்கிது. போட்டது நீங்க."

"மூச்சு முட்டுது, ஆனி."

"தெரியுது."

அவள் சர்ச்சுக்குப் போகவில்லை. திங்கட்கிழமை ஷெர்வினை வரவழைத்து உட்கார வைத்துவிட்டு, துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கான்ஸ்டபிள் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது சுடுமாம்மா?" என்று சிரித்தார்.

"முப்பது கெஜம்" என்றாள்.

அதற்கப்புறம் ரிச்சர்ட் நாற்பத்தொரு நாள் இருந்தார். ஒரு நாளும் சுலபமாக இல்லை. கடைசி வாரம், ஒரு மத்தியானம், வார்த்தைக்கு ஒரு மூச்சாக, "அன்னிக்கி... நீ... பாக்காம... போயிருந்தா..." என்றார்.

ஆனி அவரை முன்னால் சாய்த்து, முழங்கைகளுக்கு அடியில் தலையணையை நகர்த்தினாள்.

"பேசாதீங்க. குனிஞ்சி மூச்ச மெதுவா வுடுங்க" என்றாள்.