கட்டுக்கு உள்ளே பார்த்தவர்

குழாய் ரிப்பேர்காரரோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் இதய வார்டில் இருந்து ரிட்டயரான சிஸ்டர் வசந்தா. "சார், ஸ்கேன் மேடம் காலமாயிட்டாங்க" என்றார். அதற்குமேல் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

டாக்டர் செண்பகத்தை அறிந்து இந்த அஞ்சலிக்கு வந்திருக்கும் உங்களுக்கு அவர் குரலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தஞ்சாவூரில் ஒரே ஆஸ்பத்திரியில் இருபது வருடம் வேலை பார்த்தோம். நான் இதய மருத்துவன், அவர் ஸ்கேன் மருத்துவர். அதில் பாதி நாள் எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. தொடை ரத்தக்குழாயில் ஊசி குத்தி நான் ஆஞ்சியோ செய்த நோயாளிகளை, கேட்காமலேயே வந்து ஸ்கேன் வைத்துப் பார்ப்பார். கட்டுதான் நனையவில்லையே என்று நான் எகிறினால், "கட்டு காஞ்சிருக்கு, சரி. உள்ள?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு விஷயத்தை இத்தனை வருடம் மூடி வைத்திருந்தேன். இன்று சொல்லிவிடுகிறேன்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கோவிந்தராசு ஒரு குத்தகை விவசாயி. நிலத்தை விட்டுப் போகச் சொன்ன மிராசுதாரோடு வழக்காடிக்கொண்டிருந்தவர். சென்னையில் ஆட்சி மாறி மாறி வந்தது. அவர் வழக்கு மட்டும் அசையவில்லை. மிராசுதார் வந்தால் கோர்ட்டு வராந்தாவில் எல்லோரும் எழுந்துவிடுவார்களாம், இவர் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாராம். அதை அவர் பெருமையாகச் சொன்னதிலிருந்து எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஆஞ்சியோ முடிந்து, ஆறு மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்கச் சொல்லியிருந்தோம். மத்தியானம் அந்த மிராசுதாரே சாத்துக்குடிப் பையோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகு நான் ரவுண்ட்ஸ் போனேன். சாயங்காலம் கோவிந்தராசு இடுப்பு வலிக்கிறது என்றார். கட்டு காய்ந்துதான் இருந்தது. மல்லாந்தே கிடந்தால் வலிக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வசந்தா சும்மா இருக்கவில்லை, செண்பகத்தைக் கூப்பிட்டுவிட்டார்.

கோபமாகத் திரும்பிப் போனேன். ஊசி குத்திய துளை மூடாமல், ரத்தம் சதைக்குள் பீய்ச்சிக்கொண்டிருந்தது திரையில் தெரிந்தது. அப்படியே விட்டிருந்தால் ஆளை இழந்திருப்போம். செண்பகம் ஸ்கேன் கருவியை அந்த இடத்திலேயே வைத்து, திரையைப் பார்த்தபடி அழுத்திப் பிடித்தார். கசிவு நிற்கும், கையைத் தளர்த்தினால் மறுபடி ஓடும். முக்கால் மணி நேரம் இப்படியே போயிற்று. நடுவில் குனிந்து கோவிந்தராசுவிடம் ஏதோ கேட்டார், அவரும் ஏதோ முணுமுணுத்தார். கடைசியில் துளை மூடியது.

வெளியே வந்து நான் வசந்தாவைக் காய்ச்சி எடுத்தேன். மிராசுதாரை யார் உள்ளே விட்டது, என்னதான் ரோஷக்காரராக இருந்தாலும் பழக்கதோஷத்தில் அந்த மனுஷன் எழுந்திருப்பார், உனக்கு மெமோ கொடுக்காமல் விடமாட்டேன் என்றேன். செண்பகம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"மிராசுதார் வந்தப்ப அவர் அசையவே இல்ல டாக்டர். நீங்க வந்தப்பதான் எழுந்து உக்காந்து கும்பிட்டாராம்."

எனக்கு நினைவு வந்தது. நானும் பார்த்தேன். கும்பிட்டவரின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ரிப்போர்ட்டில் அவர், கால் மடங்கியதால் கசிவு என்று மட்டும் எழுதினார். மணிக்கொரு தரம் வந்து ஸ்கேன் வைத்துப் பார்த்து, வீக்கத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டுப் போனார். வீக்கம் கோட்டைத் தாண்டவில்லை. கோவிந்தராசு அடுத்த வாய்தாவுக்கு நடந்தே போனார். அதற்குப் பிறகு எத்தனையோ சண்டை போட்டோம். ஒரு தடவைகூட செண்பகம் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. நானும் ஒரு நன்றி சொன்னதில்லை. அதுதான் இப்போது நெஞ்சை அறுக்கிறது.

அவரால் எனக்கென்று மிஞ்சியது ஒரு வாக்கியம். ஆஞ்சியோ முடிந்த ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்: "யார் வந்தாலும் எழுந்திருக்காதீங்க. நான் வந்தாலும்." அப்படியும் என்னைக் கண்டதும் சிலர் தலையைத் தூக்குகிறார்கள். அந்தத் தலை மறுபடி தலையணையில் சாயும்வரை நான் வாசலைத் தாண்டுவதில்லை.