இடப்பக்கம் இழுத்த லாரி

லாரி ஓட்டிய காலத்தில் எனக்கென்று இருந்தவை இரண்டு கைகள்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு வேறு என்ன இருக்கும்? ஒரு மழைக்காலத்தில் அந்தக் கைகள் கெட்டுவிட்டன என்றார்கள். நானும் நம்பினேன்.

முதலாளி தேங்காய் எண்ணெய் வியாபாரி. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில் அவருடைய சரக்குக் கிட்டங்கி. ஆலையிலிருந்து எண்ணெய்த் தகரங்களை ஏற்றி வந்து அங்கே இறக்க வேண்டும். கப்பல் வந்தால் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சாயங்காலம் லாரியைக் கிட்டங்கிச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டுப் படகு பிடித்து அக்கரையில் பாகான் டாலாமில் இருந்த வீட்டுக்குப் போவேன். சந்து குறுகல். இடப்பக்கம் சுவரில் உரசுகிற அளவுக்கு ஒட்டி நிறுத்தினால்தான் மாட்டு வண்டி போக வழி இருக்கும்.

பிரேக்கை மிதித்தால் லாரி இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம்தான். பிறகு சாக்கடை விளிம்புவரைக்கும். அந்தச் சாக்கடைக்கு அப்பால், கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் ஒருத்தி வெற்றிலை விற்பாள். என் பயமெல்லாம் அவளை நினைத்துத்தான். வீட்டில் சோற்றில் கை வைத்தால் அவள் கூடை கவிழ்ந்து வெற்றிலை ரோட்டில் கிடப்பது தெரியும். அப்படியே எழுந்துவிடுவேன்.

வண்டியில் என்னோடு வரும் சுமை ஆள் வயதில் மூத்தவர். வாய் சும்மா இருக்காது.

“தம்பி, அந்த வெத்தலக்காரிகிட்ட உனக்கு என்னப்பா வேல? நீ மறைச்சாலும் வண்டி காட்டிக் குடுக்குது லா.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டயரில் காற்று பார்த்தேன். தகரங்களை வலப்பக்கம் மாற்றி அடுக்கச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. இடப்பக்கம் இழுத்தால் கோளாறு இடது சக்கரத்தில்தான் என்பது எங்கள் எல்லாருடைய எண்ணம்; பட்டறைக்காரரும் அதைத்தான் சொன்னார். முன்பக்க இடது சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, கழற்றி, பிரேக் பட்டையைத் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டினோம். இழுப்பு கூடியது. மறுபடியும் கழற்றினோம், இன்னும் கூடியது. உள்ளே ஒரு குறையும் இல்லை என்று பட்டறைக்காரர் கைவிரித்தார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“வண்டியில ஒண்ணுமில்லன்னுட்டாங்க. அப்ப உன் கையிலதான் இருக்கு தம்பி. பெருநாள் வரைக்கும் பாக்குறேன். அப்புறம் வேற ஆள்தான்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். மெதுவாகச் சொன்னார்.

அதிலிருந்து பிரேக்கை மிதிக்கும் முன்பே ஸ்டீயரிங்கை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டேன். வண்டி ஒருவழியாக நேராக நின்றது. படகில் திரும்பும்போது இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வருவேன். நடுக்கம் இருக்கிறதா? பார்க்கப் பார்க்க இருப்பதுபோலவே இருக்கும்.

ஒரு மத்தியானம் மழை விட்டிருந்தது. ஆலை முற்றம் காலியாக, ஈர மண்ணாகக் கிடந்தது. எப்படியும் வேலை போகத்தான் போகிறது, என் கைதான் காரணமா என்றாவது தெரியட்டும் என்று ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் பிரேக்கை அழுத்தி மிதித்தேன். இறங்கிப் பார்த்தால், முன்னால் இடது சக்கரம் மண்ணை உழுதுகொண்டு போயிருந்தது. வலது சக்கரம் போன வழியில் டயரின் பூ அச்சு கலையாமல் பதிந்திருந்தது. பிடிக்க வேண்டிய இடத்தில் அது சும்மா உருண்டிருக்கிறது. பிடித்த சக்கரத்தைத்தான் நாங்கள் இத்தனை நாளும் குற்றவாளி ஆக்கியிருந்தோம்.

வலது சக்கரத்தைக் கழற்றினோம். பட்டை விளக்குத் திரிபோல எண்ணெயில் ஊறிக் கிடந்தது. தேங்காய் எண்ணெய். லாரி முழுக்க, எங்கள் சட்டையிலும் தலையிலும் அதே வாசனை. யாருக்குச் சந்தேகம் வரும்? ஆனால் தகரங்கள் பின்னால் இருக்கின்றன. முன்சக்கரத்துக்கு எண்ணெய் எப்படி வந்தது?

அன்று லாரியைச் சுவரோடு நிறுத்திவிட்டு, படகுக்குப் போகாமல் சந்திலேயே நின்றேன். தொழுகைக்குக் கிளம்பிய முதலாளி மூக்கு நீண்ட எண்ணெய்க் குவளையோடு வெளியே வந்தார். வேட்டியை ஒதுக்கிக் குனிந்து, வலது சக்கரத்தின் இடுக்கில் பொறுமையாக ஊற்றினார். நான் நிற்பதைப் பார்த்தும் அவர் மறைக்கவில்லை.

“பள்ளிவாசல் முன்னாடி வந்து கீச்சுன்னு கத்துது தம்பி. தொழுவுறவங்க காதுல விழுது. நம்ம வண்டின்னு எல்லாருக்கும் தெரியும்ல. கதவு கத்துனா எண்ண விடுறோம்ல, அதான்.”

இடது சக்கரத்துக்கு விடவில்லையா என்று கேட்டேன்.

“அது செவுத்துப் பக்கமால நிக்குது. கை போவாதே.”

சொன்னதும் புரிந்துகொண்டார். முகம் செத்துவிட்டது. மறுநாளே இரண்டு பக்கமும் புதுப் பட்டை போடச் சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கையைப் போய்க் குறை சொல்லிவிட்டேனே என்றார். அன்று வீட்டில் இரண்டாம் முறை சோறு கேட்டேன்.

புதுப் பட்டையோடு ஆலையிலிருந்து வந்தேன். வெற்றிலைக்காரி இருக்கும் இடத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். கால் போவதற்கு முன்பே கை வலப்பக்கம் திருப்பிவிட்டது. இப்போது வண்டியில் இழுப்பு இல்லையே! லாரி வலப்பக்கம் பாய்ந்தது. எதிரே வந்த ரிக்‌ஷாக்காரர் வண்டியோடு சாய்ந்து விழுந்து எழுந்தார். அடி இல்லை. மறுநாளும் திருப்பினேன். திருப்பாதே, திருப்பாதே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திருப்பினேன். சுமை ஆள் கேலி செய்வதை விட்டுவிட்டார். இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

பெருநாளுக்கு முன் முதலாளியே என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பள்ளிவாசல் முன்னால் நிறுத்தச் சொன்னார். பிரேக் சத்தமே போடவில்லை. வண்டி வலப்பக்கமாகப் போய் நடு ரோட்டில் கோணலாக நின்றது.

“வண்டி சரியாயிருச்சு தம்பி” என்றார்.

நான் இறங்கினேன்.

அதன் பிறகு துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். மூட்டை லாரிகளில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போக நேர்ந்தால் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வேன். அப்படியும் அவர் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் கை அங்கே கிடந்தபடியே வலப்பக்கம் திரும்பும்.